புவி அறிவியல் செய்முறைகள் (நடுநிலைப் பள்ளி)

புவி அறிவியல் செய்முறைகள் என்பன பாறை, மண், நீர், காற்று, வானிலை, புவியின் இயக்கம் ஆகியவற்றை மாணவர்கள் தாமே அளந்தும், தொட்டுப் பார்த்தும், மாதிரி செய்து பார்த்தும் கற்கும் வகுப்பறைச் செயற்பாடுகள் ஆகும். இவை பெரும்பாலும் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரையிலான, அதாவது 11 முதல் 14 அகவை வரையிலான மாணவர்களுக்கு உரியவை. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இவற்றுக்குத் தேவையில்லை. ஒரு குச்சி, நெகிழிப் புட்டி, கண்ணாடிச் சீசா, மணல், அளவுகோல், குறிப்பேடு ஆகியவையே முதன்மைக் கருவிகள்.

இக்கட்டுரை இச்செய்முறைகளின் வரலாற்றையும் அடிப்படைகளையும் கூறுவதோடு, தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் உள்ள சுந்தரபாண்டியபுரம், தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களின் நிலப்பரப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்குகிறது. மலை, அருவி, கணவாய்க் காற்று, செம்மண், பாறைக் குன்று ஆகிய யாவும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால் இப்பகுதி இயற்கையான ஆய்வுக்கூடமாக விளங்குகிறது. தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது.

வரலாறு

பள்ளிகளில் புவி அறிவியலைச் செய்முறை வழியாகக் கற்பிக்கும் முயற்சி 1960களில் வலுப்பெற்றது. 1957 இல் சோவியத் ஒன்றியம் இசுப்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதை அடுத்து, ஐக்கிய அமெரிக்காவில் அறிவியல் பாடத்திட்டங்கள் மாற்றியமைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான புவி அறிவியல் பாடத்திட்டம் மனப்பாடத்தைக் குறைத்து, மாணவர்கள் தாமே ஆராய்வதை முதன்மைப்படுத்தியது. 1995 முதல் இயங்கும் குளோப் என்னும் பன்னாட்டுத் திட்டத்தில் பல நாடுகளின் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊரின் மழை, வெப்பநிலை, மண் ஆகியவற்றை ஒரே முறையில் அளந்து பதிவு செய்கின்றனர்.

இந்தியாவில் இத்துறையின் முன்னோடி முயற்சி மத்தியப் பிரதேசத்தின் ஒசங்காபாத்து அறிவியல் கற்பித்தல் திட்டம் ஆகும். 1972 இல் 16 பள்ளிகளில் தொடங்கிய இத்திட்டம் 6 முதல் 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்காகவே வகுக்கப்பட்டது. உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சோதனை செய்தல், ஊரைச் சுற்றிப் பார்த்துப் பதிவு செய்தல் ஆகியன அதன் அடிப்படைகள். 2002 இல் மாநில அரசு அதனை நிறுத்தியது. எனினும் அதன் தாக்கம் பிற மாநிலங்களிலும் தொடர்ந்தது.

தமிழ்நாட்டில்

1980 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம் எளிய பொருள்களைக் கொண்ட அறிவியல் சோதனைகளைப் பள்ளிகளுக்கு எடுத்துச் சென்ற அமைப்புகளுள் முதன்மையானது. சிறுவர்களுக்கான 'துளிர்' அறிவியல் மாத இதழ் 1987 முதல் வெளிவருகிறது. 1993 முதல் நாடு முழுவதும் நடைபெறும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 10 முதல் 17 அகவை வரையிலான மாணவர்களைக் குழுவாகச் சேர்த்து, தங்கள் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராயச் செய்கிறது. குளத்து நீர், மண் வளம், மழை போன்றவை இவ்வாய்வுகளுக்கு இயல்பான பொருள்களாகும்.

2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளில் செயல்வழிக் கற்றலும், அதனைத் தொடர்ந்து 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வியும் 2000களில் நடைமுறைக்கு வந்தன. 2022 நவம்பர் 28 அன்று தமிழ்நாடு அரசு 'வானவில் மன்றம்' என்னும் திட்டத்தைத் திருச்சிராப்பள்ளியில் தொடங்கியது. 'எங்கும் அறிவியல், யாவும் கணிதம்' என்பது அதன் முழக்கம். 13,210 அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8 ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து காட்டுவதும் செய்ய வைப்பதும் இதன் நோக்கம்.

இரு பாடங்களுக்கு இடையில்

புவி அறிவியல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தனிப் பாடமாக இல்லை. சூரியக் குடும்பம், புவியின் உள்ளமைப்பு, நிலத்தோற்றங்கள், பாறையும் மண்ணும், வானிலையும் காலநிலையும் ஆகிய பாடங்கள் சமூக அறிவியல் நூலின் புவியியல் பகுதியில் இடம்பெறுகின்றன. காற்று, நீர், வெப்பம், விசை ஆகியவை அறிவியல் நூலில் உள்ளன. சோதனைக் கருவிகளும் செய்முறை நேரமும் வழக்கமாக அறிவியல் பாடத்துக்கே ஒதுக்கப்படுவதால், பாறையும் மழையும் படமாகவும் வரையறையாகவும் மட்டுமே கற்கப்படும் நிலை எளிதில் ஏற்படுகிறது. கீழ்க்காணும் செய்முறைகள் இந்த இடைவெளியை நிரப்ப உதவுவன.

செய்முறைகள்

நிழற்கோல்

சமதரையில் 1 மீட்டர் நீளமுள்ள குச்சியைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழலின் நுனியைக் குறித்து வருவதே இச்செய்முறை. குச்சி செங்குத்தாக உள்ளதா என்பதைக் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு கொண்டு சரிபார்க்கலாம். குச்சியை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைந்து, முற்பகலில் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளைக் குறிக்க வேண்டும். அவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காக அமையும். அதற்குச் செங்குத்தான கோடு வடக்கு தெற்கு ஆகும். காந்த ஊசி இல்லாமலேயே திசை காணும் பழைய முறை இது.

நிழல் மிகக் குறுகும் நேரமே அவ்வூரின் நண்பகல். அது கடிகாரம் காட்டும் 12 மணியாக இருப்பதில்லை. இந்தியச் சீர்நேரம் 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டைக் கொண்டது. தென்காசியோ ஏறத்தாழ 77.3 பாகையில் உள்ளது. புவி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், இங்கு நண்பகல் சராசரியாக 12 மணி 21 நிமிடத்துக்கு நிகழ்கிறது. புவியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் காரணமாக இந்நேரம் ஆண்டு முழுவதும் மாறுகிறது. நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 12.04 ஆகவும், பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.35 ஆகவும் இருக்கும்.

ஏறத்தாழ 9 பாகை வட அகலக்கோட்டில் உள்ள இப்பகுதியில் 1 மீட்டர் குச்சியின் நண்பகல் நிழல் பின்வருமாறு அமையும்:

* டிசம்பர் 21: ஏறத்தாழ 63 செ.மீ., வடக்கு நோக்கி
* மார்ச் 21, செப்டம்பர் 23: ஏறத்தாழ 16 செ.மீ., வடக்கு நோக்கி
* ஜூன் 21: ஏறத்தாழ 26 செ.மீ., தெற்கு நோக்கி

நிழல் திசை மாறும்போது இடையில் ஆண்டுக்கு இரு நாள்கள் நண்பகலில் நிழலே விழாது. இவை நிழலில்லா நாள்கள் எனப்படும். இப்பகுதியில் முதலாவது நாள் சித்திரை முதல் நாளை ஒட்டி ஏப்ரல் நடுவிலும், இரண்டாவது ஆகஸ்ட் இறுதியிலும் வருகின்றன. ஆகஸ்ட் மாதம் சாரல் காலமாதலால் மேகம் மறைக்கக்கூடும். ஏப்ரல் நாளே பார்வைக்கு ஏற்றது.

புவியின் சுற்றளவு

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோசுதெனீசு எகிப்தில் செய்த அளவீட்டை இரு பள்ளிகள் சேர்ந்து மீண்டும் செய்யலாம். மார்ச் 21 அன்று தென்காசிப் பகுதியில் 1 மீட்டர் குச்சியின் நிழல் 16 செ.மீ. எனில், சென்னையில் அது 23 செ.மீ. அளவில் இருக்கும். இரு ஊர்களின் நண்பகல் சூரியக் கோணங்களின் வேறுபாடு ஏறத்தாழ 4.1 பாகை. இரு ஊர்களுக்கும் இடையிலான வடக்கு தெற்குத் தொலைவு ஏறத்தாழ 455 கி.மீ. முழு வட்டமான 360 பாகைக்கு இதனை விரித்தால் ஏறத்தாழ 40,000 கி.மீ. கிடைக்கிறது. இது புவியின் உண்மையான சுற்றளவுக்கு மிக அண்மையானது.

இங்கு மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் இரண்டு. முதலாவது, சாலைத் தொலைவைப் பயன்படுத்துவது. சென்னைக்கும் தென்காசிக்கும் இடையிலான சாலைத் தொலைவு 600 கி.மீ.க்கும் மேல், அதனைப் பயன்படுத்தினால் புவி 50,000 கி.மீ.க்கும் மேற்பட்ட சுற்றளவு கொண்டதாகிவிடும். இரண்டாவது, இரு ஊர்களிலும் ஒரே கடிகார நேரத்தில் அளப்பது. சென்னை கிழக்கே இருப்பதால் அங்கு நண்பகல் ஏறத்தாழ 12 நிமிடம் முன்னதாகவே வந்துவிடும். ஒவ்வோர் ஊரும் தன் நண்பகலிலேயே அளக்க வேண்டும். நிழலில் 1 செ.மீ. பிழை ஏற்பட்டாலும் விடையில் ஏறத்தாழ 13 விழுக்காடு பிழை நேரும். இதனைக் கண்டறிவதும் பாடத்தின் ஒரு பகுதியே.

மழைமானி

நேர்ச் சுவர் கொண்ட நெகிழிப் புட்டியின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாக அதன் மேலேயே புனலாகப் பொருத்தினால் மழைமானி அணியம். புட்டியின் அடி வளைந்திருப்பதால் கூழாங்கல்லும் நீரும் இட்டு, நீர்மட்டத்தைச் சுழியமாகக் குறிக்க வேண்டும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழை ஆகும். புனலின் வாய் புட்டியைவிட அகலமாக இருந்தால் பரப்புகளின் விகிதத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 செ.மீ. புனலும் 5 செ.மீ. புட்டியும் எனில், புட்டியில் 4 மி.மீ. ஏறினால் பெய்த மழை 1 மி.மீ. மட்டுமே.

1 சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும். 100 சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 1,000 லிட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறை போன்று நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்தால், மாணவர் கணக்கைச் செய்தித்தாள் கணக்கோடு ஒப்பிடலாம்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று குற்றாலத்தில் சாரலாகப் பொழிகிறது. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து காற்று மட்டும் எஞ்சுகிறது. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்னும் பழமொழி இக்காற்றுக்குப் பொருந்தும். இப்பகுதியில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளும் அதற்குச் சான்று. குற்றாலம், தென்காசி, சுந்தரபாண்டியபுரம், சுரண்டை ஆகிய ஊர்களின் பள்ளிகளில் ஒரே வகை மழைமானியை வைத்து ஒரு மாதம் பதிவு செய்தால், மழை மறைவுப் பகுதி என்னும் பாடநூல் சொல் எண்களாக விரியும்.

மண் சீசா

ஒரு கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும், மீதிக்கு நீரும் சிறிது சலவைத் தூளும் இட்டு நன்கு குலுக்கி வைக்க வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களிமண் படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அடுக்குகளின் தடிமனை அளந்து விகிதம் காணலாம். கலங்கல் நீரில் படிகாரம் இட்டால் களிமண் விரைவாகப் படிவதையும் காணலாம். வீடுகளில் ஆற்று நீரைத் தெளிய வைக்கும் முறை இதுவே.

செம்மண், கரிசல் மண், ஆற்று மணல் ஆகிய மூன்றையும் துளையிட்ட குவளைகளில் நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றினால் எதில் நீர் விரைவாக வடிகிறது, எது நீரைப் பிடித்து வைக்கிறது என்பது விளங்கும். கரிசல் மண் காய்ந்தால் வெடிப்பதையும் ஈரமானால் உப்புவதையும் அளவுகோலால் அளக்க இயலும். சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல்களுக்குப் பெயர் பெற்றது. ஒரு நிலத்தில் எப்பயிர் விளையும் என்பதை உழவர்கள் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தே கூறுவர். சீசாவில் காணும் அடுக்குகள் அவ்வறிவின் காரணத்தைக் காட்டுகின்றன.

ஓடை மேசை

ஒரு தட்டில் ஈர மணலைச் சாய்வாகப் பரப்பி, மேல்முனையில் சிறுதாரையாக நீர் விட்டால் ஆறு ஒன்று உருவாகும். நீர் மணலை அரித்து, வளைந்து ஓடி, கீழே படிவித்து விசிறி வடிவ நிலத்தை உண்டாக்கும். நடுவே ஓர் ஓட்டுத் துண்டைப் புதைத்து வைத்தால், அது கடினப் பாறையாகச் செயற்பட்டு அதன் மேல் நீர் விழத் தொடங்கும். அருவிகள் தோன்றும் விதங்களுள் ஒன்று இது. குற்றாலம் பேரருவியில் விழும் நீர் நடுவிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, பொங்கி வழிந்து மீண்டும் கீழிறங்குகிறது. நீரும் கல்லும் சுழன்று பாறையைக் குடையும் இச்செயலையும் மேசையில் சிறிய அளவில் காணலாம். குற்றால அருவிகளின் நீர் சிற்றாறாகி, தாமிரபரணியில் கலக்கிறது.

நீரோட்டத்தை ஊர் வாய்க்காலில் ஆசிரியர் துணையுடன் அளக்கலாம். ஆரஞ்சுத் தோல் ஒன்றை மிதக்க விட்டு, 10 மீட்டர் கடக்க ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். 20 நொடி ஆனால் மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். அடியில் வேகம் குறைவாதலால் இதனை 0.85 ஆல் பெருக்குவர். வாய்க்கால் 1.5 மீட்டர் அகலமும் 0.4 மீட்டர் ஆழமும் உடையதெனில், நொடிக்கு ஏறத்தாழ 255 லிட்டர் நீர் செல்கிறது.

பாறைச் சோதனை

கல்லைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிட, அதன் பண்புகளைச் சோதித்து வகைப்படுத்துவதே செய்முறையின் நோக்கம். நகம், இரும்பு ஆணி, கண்ணாடித் துண்டு ஆகியவற்றால் கீறிப் பார்த்துக் கடினத்தை அறியலாம். நகத்தின் கடினம் மோவின் அளவுகோலில் ஏறத்தாழ 2.5, கண்ணாடி 5.5, வெண்கற்படிகம் 7. கண்ணாடியைக் கீறும் வெண்கல் சுண்ணாம்புக்கல் ஆகாது. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைப்பது சுண்ணாம்புக்கல். கடையில் வாங்கிய கோலப்பொடியை இவ்விரு வகைகளில் எது என இச்சோதனையால் கண்டறியலாம்.

தென்காசிப் பகுதியின் குன்றுகள் பெரும்பாலும் நைசு, சார்னோக்கைட்டு ஆகிய உருமாறிய பாறைகளால் ஆனவை. சார்னோக்கைட்டு என்னும் பெயருக்குத் தமிழ்நாட்டுத் தொடர்பு உண்டு. கொல்கத்தாவில் உள்ள யோபு சார்னாக்கு என்பவரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893 இல் அப்பாறைக்கு இப்பெயரை இட்டார். அக்கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டு செல்லப்பட்டது. பரங்கிமலையில் உள்ள பாறையும் இவ்வகையினதே. புவியோட்டின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இத்தகைய பாறைகள் உருவாகின்றன. அச்சன்கோவில் பகுதியிலிருந்து தென்காசி வழியாகச் செல்லும் அச்சன்கோவில் பெயர்வு மண்டலம், தென்னிந்தியாவின் இரு பாறைத் தொகுதிகளைப் பிரிக்கிறது.

சுந்தரபாண்டியபுரத்துக்கு அருகிலுள்ள பாறைகள் 2005 இல் வெளியான 'அந்நியன்' திரைப்படத்தின் பாடல் காட்சிக்காக வண்ணம் தீட்டப்பட்டதால் பலராலும் அறியப்பட்டவை. வெயிலும் மழையும் பட்டு வெளிப்பரப்பு மாறுவதற்கு அவ்வண்ணங்கள் ஆண்டு குறித்த எடுத்துக்காட்டாக உள்ளன.

காலக்கயிறு

46 மீட்டர் கயிறு ஒன்றை விளையாட்டுத் திடலில் விரித்து, புவியின் 460 கோடி ஆண்டு அகவையைக் காட்டலாம். 1 மீட்டர் என்பது 10 கோடி ஆண்டு, 1 மி.மீ. என்பது 1 லட்சம் ஆண்டு. இன்று என்னும் முனையிலிருந்து அளந்தால் பின்வருமாறு அமையும்:

* தென்காசிப் பகுதிப் பாறைகள் உயர் வெப்பத்தில் உருமாறிய காலம் (ஏறத்தாழ 55 கோடி ஆண்டு): 5.5 மீட்டர்
* தொன்மாக்கள் அழிந்த காலம் (6.6 கோடி ஆண்டு): 66 செ.மீ.
* திருவக்கரை கல்மரங்கள் (ஏறத்தாழ 2 கோடி ஆண்டு): 20 செ.மீ.
* தற்கால மனித இனம் (ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு): 3 மி.மீ.
* சங்க காலம் (ஏறத்தாழ 2,000 ஆண்டு): 0.02 மி.மீ.

கடைசிப் புள்ளியைக் கயிற்றில் குறிக்க இயலாது என்பதே மாணவர்கள் பெறும் பாடம்.

பேரிடர் அறிவு

புவி அறிவியல் உயிர் காக்கும் அறிவு என்பதற்கு 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை சான்றாகும். தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி சுமித் என்னும் 10 அகவை இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்து உள்வாங்குவதைக் கண்டு, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைவுகூர்ந்து எச்சரித்தார். அதனால் கடற்கரையில் இருந்த ஏறத்தாழ 100 பேர் தப்பினர். அதே நாளில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். 4,000 மீட்டர் ஆழக் கடலில் ஆழிப்பேரலை மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ. வேகத்தில் செல்லும், ஆழம் குறையும்போது வேகம் குறைந்து உயரம் கூடும். நீளமான தட்டில் நீர் ஊற்றி, ஆழத்தை மாற்றி அலையின் வேகத்தை அளந்து இதனைக் காணலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. பதிவாயிற்று. மாணவர் செய்யும் புட்டி மழைமானி அதனைக் கொள்ளாது. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள கலம் வேண்டும். தாமே மழையை அளந்து பழகிய மாணவருக்கு இவ்வெண்ணின் பொருள் எளிதில் விளங்கும்.

பாதுகாப்பு

2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஏற்பட்டு, 17 அகவை மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. செங்குத்தான சரிவும் பாறைத் தரையும் நீரைத் தேக்காமல் உடனே இறக்கிவிடுகின்றன. ஓடை மேசையில் மணலுக்கு மாற்றாக நெகிழித் தாளை விரித்து, மேலே ஊற்றிய நீர் கீழே வந்து சேரும் நேரத்தை ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். களச் செயற்பாடுகளில் பின்வருவன கடைப்பிடிக்கப்பட வேண்டியவை:

* அருவியிலும் ஆற்றிலும் அளவீடு செய்தல் கூடாது. நீர் திடீரெனக் கலங்கினாலோ, இலை, சுள்ளி மிகுந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும்.
* சூரியனை நேராகப் பார்த்தல் கூடாது. நிழலை மட்டுமே அளக்க வேண்டும்.
* காப்புக்காட்டிலிருந்து கல்லோ செடியோ எடுத்தல் கூடாது.
* கல் உடைக்கும்போது கண்ணுக்குக் காப்பு அணிய வேண்டும்.

விமர்சனங்கள்

செய்முறைகள் தவறான கருத்தையும் ஊன்றக்கூடும் என்பது இம்முறை மீதான முதன்மை விமர்சனம் ஆகும். அறிவியல் கண்காட்சிகளில் பெரிதும் காணப்படும் எரிமலை மாதிரி இதற்கு எடுத்துக்காட்டு. சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து நுரைப்பது ஒரு வேதி வினை. எரிமலையோ உருகிய பாறையாலும் அதில் கரைந்த வளிமங்களின் அழுத்தத்தாலும் வெடிப்பது. வேறுபாட்டைக் கூறாவிட்டால் மாதிரியே உண்மை என மாணவர் கொள்வர். அவ்வாறே, புவி சூரியனுக்கு அருகில் வருவதால் கோடை உண்டாகிறது என்னும் கருத்தும் பரவலாக உள்ளது. புவி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில்தான். நிழற்கோல் பதிவை ஓராண்டு தொடர்ந்தால் பருவங்களுக்குக் காரணம் அச்சின் சாய்வே என்பது தெரியவரும்.

நேரமின்மையும் தேர்வு முறையும் பிற தடைகள். ஓராண்டு நிழல் பதிவுக்கோ ஒரு மாத மழைப் பதிவுக்கோ எழுத்துத் தேர்வில் இடமில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த சோதனையில் பிழையான அளவீட்டை மாணவர் மறைத்து, நூலில் உள்ள விடையையே எழுதிவிடுவதும் உண்டு. பிழையுடன் கூடிய அளவீட்டையும் காரணம் கூறி ஏற்றுக்கொள்வது இக்கற்றல் முறையின் இன்றியமையாத கூறாகும்.

இவற்றையும் பார்க்க

* வானவில் மன்றம்
* தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு
* நிழலில்லா நாள்
* சார்னோக்கைட்டு
* குற்றால அருவிகள்
* சுந்தரபாண்டியபுரம்